மாஸ்டரின் வலது கால்

அத்தியாயம் 9

பதிமூன்று தாள்களையும் சாப்பாட்டு மேஜையின் மேல் சீட்டுக்கட்டைப் பரப்புவதுபோல் பரப்பி வைத்திருந்தாள் மருமகள்.

தலையைத் துவட்டிக்கொண்டே அறையிலிருந்து வந்த மாஸ்டர், அதைப் பார்த்ததும் துண்டும் கையுமாக நின்றுவிட்டாள்.

"இதெல்லாம் உனக்கு எங்கே கிடைச்சுது?"

"உங்க அலமாரியில அத்தை. அடித்தட்டுல, செருப்புப் பெட்டிக்குள்ள."

"அது நான் ஒளிச்சு வெச்சது."

"தெரியுது அத்தை. அதனாலதான் எடுத்துப் பார்த்தேன்."

மூலையில் உட்கார்ந்து ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த மாமனார், இருமுவதுபோல் சிரித்தார். மருமகளுக்குத் 'துருவி' என்று பெயர் வைத்தவரே அவர்தான். கல்யாணமாகி வந்த முதல் வாரமே, வீட்டு பிரிட்ஜ் ஏன் முனகுகிறது என்று கேட்டு, யாரும் பதில் சொல்லாததால் அதைத் திருப்பி வைத்துக் கழற்றியவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? எலக்ட்ரானிக் சாமான்கள் பழுதுபார்க்கும் கடையில் அவளுக்கு வேலை. எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும், திருகாணி எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் தேடுவாள்.

மாஸ்டரை இந்த வாரம்தான் முதல்முறையாகச் சந்திக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் அவள். மாணவர்கள் கூப்பிட ஆரம்பித்த பெயர் இது. பால் போடுகிறவர், எதிர்வீட்டுக்காரர், கடைசியில் கட்டிய கணவர் வரை 'மாஸ்டர்' என்றே ஆகிவிட்டது. கணவர் மெக்கானிக். பள்ளிக்கு இருப்பது ஒரே கார். அதற்குச் சளி பிடித்தாலும் காய்ச்சல் வந்தாலும் அவர்தான் வைத்தியர்.

போன வாரம் வந்த கடிதம்தான் இந்த வீட்டின் தூக்கத்தைக் கெடுத்தது. லைசென்ஸ் தேர்வின் முறை மாறி நான்கு மாதம் ஆகிறது. முன்பெல்லாம் பள்ளியின் காரிலேயே தேர்வு நடக்கும். மாணவர் ஓட்ட, மாஸ்டர் பக்கத்து இருக்கையில் இருப்பாள். ஆய்வாளர் பின்னால் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். இப்போது போக்குவரத்து அலுவலகத்தின் கார். பக்கத்தில் ஆய்வாளர். மாஸ்டருக்கு வெளியே ஒரு பெஞ்சு. இந்த நான்கு மாதத்தில் அவள் அனுப்பிய பதினாறு பேரில் பதிமூன்று பேர் தோற்றுப்போனார்கள். அடுத்த வியாழக்கிழமை ஆறு பேர் போகிறார்கள். அதில் மூன்று பேராவது தேறாவிட்டால் பள்ளிக்குக் கொடுத்த அனுமதி ரத்து என்று கடிதம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லியிருந்தது.

அந்த ஆறு பேரில் துருவியும் ஒருத்தி. ஏற்கெனவே ஒரு முறை தோற்றவள். மேஜை மேல் கிடந்தவை தோற்றவர்களுக்கு ஆய்வாளர் எழுதித் தந்த குறிப்புகள்; பதிமூன்றாவது தாள் அவளுடையது.

"அத்தை, இதையெல்லாம் நீங்க படிச்சீங்களா?"

"எதுக்குப் படிக்கணும்? அந்த ஆளுக்கு வயசு முப்பது. நான் கியர் போட ஆரம்பிச்சப்போ அவரு பால்பாட்டில்ல இருந்திருப்பாரு. அவரு எனக்குக் குறை எழுதித் தர்றாரு, நான் படிக்கணுமா?"

"ஒரே ஒரு தடவை படிங்களேன். கடைசி வரியை மட்டும்."

மாஸ்டர் வேண்டாவெறுப்பாகக் குனிந்தாள். முதல் தாளில், 'நிறுத்துவதில் தாமதம்' என்று இருந்தது. இரண்டாவதிலும் அதுவே. மூன்றாவதிலும், நான்காவதிலும் அதுவே. பள்ளி ஆசிரியை, தையற்காரர், ஓய்வு பெற்ற ராணுவக்காரர், கல்லூரிப் பெண் என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத பதிமூன்று பேர். எல்லாருக்கும் ஒரே வரி.

துருவியின் தாளில் மட்டும் ஆய்வாளர் கூடுதலாக ஒன்று எழுதியிருந்தார். 'வேறு யாரோ நிறுத்துவார்கள் என்று காத்திருந்ததுபோல் இருந்தது.'

"இது என்ன கிண்டலா?" என்றாள் மாஸ்டர்.

"எனக்கும் முதல்ல கோபம்தான் அத்தை. அப்புறம் யோசிச்சேன். அன்னிக்கு அந்தக் கார்ல சிக்னல் கிட்ட வந்தப்போ, பிரேக் மேல காலை வெச்சேன். நம்ம கார்ல காலை வெச்சா மிதி தானா இறங்கும். வெண்ணெய் மாதிரி. அங்கே இறங்கல. என்னடா இதுன்னு நான் முழிக்கிறதுக்குள்ள அவரு தன் பக்கத்து பிரேக்கை மிதிச்சிட்டாரு. அதோட தேர்வு முடிஞ்சுது."

"அதைத்தான் நானும் சொல்றேன். அந்தக் கார் பிரேக் சரியில்ல."

"ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல்," என்றார் மெக்கானிக், ஷூவை விட்டு நிமிராமல்.

"உங்களை யாராவது கேட்டாங்களா?"

அவர் ஷூவுக்கே திரும்பிவிட்டார்.

துருவி விடவில்லை. "நம்ம கார்ல மட்டும் ஏன் தானா இறங்குது? இதுதான் அத்தை எனக்கு மண்டையைக் குடையுது. அது மட்டும் தெரிஞ்சா போதும்." பையிலிருந்து ஒரு சின்ன சுவிட்சையும், வயிறு கிழிந்த பிளாஸ்டிக் வாத்து பொம்மை ஒன்றையும் எடுத்து மேஜை மேல் வைத்தாள். "பிரிட்ஜ் கதவைத் திறந்தா விளக்கு எரியுதில்ல, அந்த சுவிட்ச் இது. இதை உங்க பக்கத்து பிரேக் மிதியில மாட்டறேன். நீங்க மிதிச்சா இந்த வாத்து கத்தும். மிதிக்கலேன்னா கத்தாது."

மாஸ்டருக்கு விஷயம் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் காதுமடல் சூடாகிவிட்டது.

"நான் மிதிக்கிறேன்னு சொல்றியா?"

"நான் எதுவும் சொல்லல அத்தை. வாத்துதான் சொல்லணும்."

"மாட்டிக்கோ!" என்றாள் மாஸ்டர், துண்டை நாற்காலி மேல் வீசி. "தாராளமா மாட்டிக்கோ. உயிர் போற நேரத்துல மட்டும்தான் நான் அந்த மிதியைத் தொடுவேன். மாசத்துக்கு ஒரு தடவை, மிஞ்சிப்போனா ரெண்டு தடவை. உன் வாத்து தூங்கிடும் பாரு."

பயிற்சிக் காரில் இரண்டு பிரேக் உண்டு என்பது பலருக்குத் தெரியும். ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, மாஸ்டர் காலடியில் ஒன்று. இரண்டையும் ஒரு கம்பி இணைக்கிறது. மாஸ்டர் மிதித்தால் ஓட்டுகிறவரின் மிதியும் சேர்ந்து இறங்கும். ஓட்டுகிறவர் மிதித்தால் மாஸ்டரின் மிதி அசையாது. அந்தக் கம்பியைப் பொருத்தியவர் மெக்கானிக். அதனால் துருவி காருக்கடியில் படுத்துக்கொண்டு சுவிட்சை மாட்டியபோது அவர்தான் விளக்குப் பிடித்தார். என்றைக்கும் தொணதொணவென்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பவர், இன்றைக்கு வாயே திறக்கவில்லை. மாஸ்டர் அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

காலை ஒன்பதரைக்குக் கார் கிளம்பியது. துருவி ஓட்டினாள். மாஸ்டர் வழக்கம்போல் பக்கத்தில். எண்ணுவதற்காக மெக்கானிக் பின் இருக்கையில், ஒரு பழைய அட்டையும் பென்சிலுமாக.

தெருமுனை வரை வாத்து சத்தமே போடவில்லை.

"என்னாச்சு, வாத்து முட்டை போடப் போயிடுச்சா?" என்று கேட்டாள் மாஸ்டர்.

முனையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. கார் பதமாக வேகம் குறைந்தது.

"க்வாக்!"

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் தொடவே இல்ல! சுவிட்ச் கோளாறு!"

"இருக்கலாம் அத்தை," என்றாள் துருவி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெட்ரோல் பங்க் தாண்டி ஒரு வேகத்தடை. "க்வாக்!" ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வயதானவர் ரோட்டைக் கடக்கலாமா வேண்டாமா என்று நின்றார். "க்வாக்!" ரவுண்டானாவுக்குள் நுழையும்போது ஒன்று, உள்ளே ஒன்று, வெளியே வரும்போது ஒன்று. "க்வாக்! க்வாக்! க்வாக்!"

"இது என் கால் இல்ல. வயர்ல எங்கேயோ உரசுது. வண்டியை ஓரமா நிறுத்து, அதைப் பிடுங்கிப் போடறேன்."

"நிறுத்தறேன் அத்தை. நான் நிறுத்தறப்போ நீங்க கீழே பாருங்க. ரோட்டைப் பார்க்காதீங்க. உங்க காலை மட்டும் பாருங்க."

மாஸ்டர் குனிந்து பார்த்தாள்.

துருவி ஓரம் கட்டினாள். கார் மெதுவாகி நிற்கப் போகும் அந்தக் கணத்தில், மாஸ்டரின் வலது கால் எழுந்தது. யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல், ஒரு பூனை மதில் மேல் கால் வைப்பதுபோல் மெத்தென்று போய் மிதியின் மேல் உட்கார்ந்து அழுத்தியது.

"க்வாக்."

மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. அது அவள் கால்தான். அவள் செருப்புதான். சுண்டுவிரலில் போன வாரம் ஒட்டிய பிளாஸ்திரிகூட அப்படியே இருந்தது. ஆனால் அதை அவள் தூக்கவில்லை. சத்தியமாகத் தூக்கவில்லை. வேறு யாருடைய காலோ தன் உடம்பில் மாட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருடமாகக் கூடவே வந்ததுபோல் இருந்தது.

"எத்தனை?" என்று கேட்டாள்.

"முப்பத்தேழு," என்றார் மெக்கானிக் பின்னாலிருந்து. "நாற்பது நிமிஷத்துல."

துருவி வாய் பிளந்து திரும்பினாள். அவளே எட்டு, பத்து இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள்.

மாஸ்டர் கண்ணாடியில் கணவரைப் பார்த்தாள். இப்போது வந்ததுதான் அன்றைய நாளின் நிஜமான அடி. காரில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் பேயறைந்ததுபோல் இருந்தார்கள். மூன்றாவது முகத்தில் மட்டும் ஆச்சரியமே இல்லை. மழை வரும் என்று காலையிலேயே தெரிந்து, குடையோடு வந்தவரைப்போல் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள் மாஸ்டர்.

அவர் பென்சிலைக் காதில் செருகினார். திரும்ப எடுத்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்! எத்தனை நாளா?"

"நாள் இல்ல மாஸ்டர். வருஷம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்தக் கார் வாங்கிப் பதினோரு வருஷம். ஓட்டறவங்க பக்கத்து பிரேக்குல கம்பெனி போட்ட ரப்பர் இன்னும் புதுசாட்டம் இருக்கு. உன் பக்கத்துல நாலு மாசத்துக்கு ஒரு ரப்பர் தேயுது. ஒவ்வொரு தடவையும் நான்தான் மாத்தறேன். தேய்ஞ்சதைப் பார்த்தா தெரியாதா?"

"தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க! ஊரே என்னை மாஸ்டர், மாஸ்டர்னு கூப்பிடுது, நீங்களும் கூடச் சேர்ந்து கூப்பிட்டீங்க. உள்ளுக்குள்ள சிரிச்சீங்களா?"

"சொன்னேன் மாஸ்டர்."

"எப்போ சொன்னீங்க?"

"ஆறு வருஷம் முன்னாடி. ராத்திரி சாப்பிடறப்போ. 'ரப்பர் ரொம்பத் தேயுது, கொஞ்சம் காலைக் கவனியேன்'னு சொன்னேன். 'நீங்க ஸ்பேனரைக் கவனிங்க, என் காலைக் கவனிக்க வேணாம்'னு தட்டை வெச்சிட்டு எழுந்து போயிட்டே. அப்புறம் ஒன்பது நாள் என்கிட்ட பேசல. எட்டாவது நாள் மன்னிப்புக் கேட்டேன். ஒன்பதாவது நாள்தான் மனசு வந்து ஏத்துக்கிட்டே. அதுக்கப்புறம் நான் ரப்பரை மட்டும் மாத்தினேன். வாயைத் திறக்கல."

மாஸ்டருக்குச் சட்டென்று பதில் சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குள் அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. ஒன்பது நாள் ஞாபகம் வந்தது. எதற்காகக் கோபித்தோம் என்பது மட்டும் சுத்தமாக மறந்துபோயிருந்தது. கோபம் ஞாபகம் இருக்கிறது, சொன்ன வார்த்தை ஞாபகம் இல்லை. பதிமூன்று தாள்களையும் படிக்காமல் பெட்டிக்குள் போட்ட அதே கை, அன்றைக்கு இவர் சொன்னதையும் அப்படித்தான் எங்கேயோ போட்டு மூடியிருக்கிறது.

துருவி ஸ்டியரிங்கை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நீ என்ன நினைக்கிறே?" என்று மாஸ்டர் அவளிடம் கேட்டாள். மருமகளிடம் அவள் இப்படிக் கேட்பது இதுதான் முதல் முறை.

"எனக்கு இப்போ பயமா இருக்கு அத்தை. மூணு மாசமா நான் நல்லா பிரேக் போடறேன்னு நினைச்சிட்டு இருந்தேன். நான் போடவே இல்ல. எனக்கு நிறுத்தத் தெரியுமா தெரியாதான்னே தெரியல."

மாஸ்டர் அவளையே பார்த்தாள். பிறகு குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றினாள். கழற்றிப் பின்னால் கணவரின் மடியில் போட்டாள். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு காலையும் தூக்கி மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மாஸ்டர்!" என்று மெக்கானிக் பதறினார். "என்ன பண்றே நீ?"

"கிளம்பு," என்றாள் துருவியிடம். "சின்ன ரோடா பார்த்துப் போ. இருபதுக்கு மேல வேண்டாம்."

"அத்தை, வேண்டாம் அத்தை. ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"கைபிரேக் என் கைக்கிட்ட இருக்கு. வண்டி பறக்கப் போறதில்ல. போ."

கார் நகர்ந்தது. ஆளில்லாத குடியிருப்புத் தெரு. இரண்டு பக்கமும் மூடிய கேட்டுகள். முதல் வளைவிலேயே மாஸ்டரின் தொடை துடித்தது. மடித்த கால் விடுபடத் திமிறியது. அதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். நெற்றியெல்லாம் வியர்வை. கற்றுக்கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு காரில் இப்படிப் பயந்ததில்லை.

தெருவின் பாதியில், ஒரு கேட்டுக்குள்ளிருந்து தண்ணீர் லாரி பின்னோக்கி வந்தது.

துருவி அதைப் பார்த்தாளா, இல்லையா? மாஸ்டருக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு அவசியமே வந்ததில்லை. ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வது? இந்த மாதிரி நேரத்தில் அவள் மாணவர்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாய் சொல்ல வேண்டியதையெல்லாம் கால் செய்து முடித்துவிடும்.

"லாரி," என்றாள். அதுதான் வந்தது. "லாரி. இடது பக்கம். உன் கால். இப்போ."

கார் குலுங்கி, முன்னால் குத்தி நின்றது. பின்னாலிருந்த மெக்கானிக் அட்டை, பென்சில், செருப்போடு முன் இருக்கையில் வந்து மோதினார். லாரியின் பின்பக்கத்துக்கும் காரின் மூக்குக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும்.

வாத்து கத்தவில்லை.

"நின்னுடுச்சு," என்றாள் துருவி. அழுவாள் போலிருந்தது. "அத்தை, நான்தான் நிறுத்தினேன். ரொம்ப முரட்டுத்தனமா நிறுத்தினேன், இல்ல?"

"மகா முரட்டுத்தனம்," என்றாள் மாஸ்டர். "லாரி கேட்டுக்குள்ள இருந்தப்பவே அதோட பின்விளக்கு எரிஞ்சுது. பார்த்தியா?"

"பார்க்கல."

"அடுத்த தடவை பாரு. பார்த்ததை வாய் விட்டுச் சொல்லு. நீ பார்த்தியா இல்லையான்னு எனக்கும் தெரியணுமில்ல."

மதியம் வரை அப்படியே ஓட்டினார்கள். துருவி பார்ப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டினாள்: நாய், பந்து, திறக்கப்போகிற கார்க் கதவு. அதில் பாதியை மாஸ்டரே கவனித்திருக்கவில்லை. கடைசி அரை மணியில் கார் ஓரளவு பதமாக நின்றது. வீட்டுக்கு வந்து இறங்கும்போது மாஸ்டரின் இரண்டு காலும் மரத்துப்போய், கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். அவர் நடையை மெதுவாக்கினார். அவளும் தோளை விடவில்லை.

"வாத்தைக் கழட்டிடட்டுமா?" என்று கேட்டார்.

"கழட்டினா பாருங்க. வியாழக்கிழமை வரைக்கும் ஆறு பேரும் அதோடதான் ஓட்டப் போறாங்க. ஒவ்வொருத்தர் கிட்டயும் நானே சொல்லிடறேன், இத்தனை நாள் நீங்க ஓட்டினப்போ பிரேக் போட்டது நான்தான்னு."

"உன் வாயால சொல்லுவியா?"

"வேற யார் வாயால சொல்றது? உங்க வாயையும் நானே மூடி வெச்சிட்டேனே," என்றாள். பாதிச் சிரிப்பு, பாதி அழுகை. "அடுத்த ரப்பர் தேயறப்போ நேரா வந்து சொல்லுங்க. ஒன்பது நாள் பேசாம இருந்தாலும் சொல்லுங்க."

"எட்டாவது நாள் மன்னிப்புக் கேக்கணுமா?"

"இந்தத் தடவை நான் கேக்கறேன்."

சாப்பாட்டு மேஜையில் பதிமூன்று தாள்களும் கிடந்தபடியே கிடந்தன. துருவி அவற்றை அடுக்கிக்கொண்டிருந்தாள். பாதியில் கை நின்றது. அந்த நிற்பை மாமனாருக்குத் தெரியும். அடுத்து ஒரு கேள்வி வரும்.

"அத்தை, இந்த ஆறு பேர் சரி. மத்தவங்க?"

"எந்த மத்தவங்க?"

"பழைய முறையில தேர்வுக்குப் போனவங்க. நீங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தப்போ பாஸ் பண்ணவங்க. அவங்களுக்கெல்லாம் பிரேக் போட்டது..."

அவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. மாஸ்டர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். வியாழக்கிழமை, கடிதம், அனுமதி எல்லாம் ஒரே நொடியில் சின்னதாகிப் போயின. இருபத்திரண்டு வருடம். ஆயிரத்துக்கு மேல் ஆட்கள். இந்த நிமிடம் எத்தனை பேர், எத்தனை ரோட்டில், யாரோ நிறுத்துவார்கள் என்று காத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்?

"பழைய மாணவர்களோட பெயர் நோட்டை எடு," என்றாள்.

"மாஸ்டர், இப்போ வேண்டாம்," என்றார் கணவர். "முதல்ல ஒரு வாய் சாப்பிடு."

"எடும்மா."

நோட்டைப் புரட்டினாள். எங்கே ஆரம்பிப்பது? தைரியத்துக்காக, நன்றாக ஓட்டிய ஒருத்தியைத் தேடினாள். பல் டாக்டர் ஒருத்தி, மூன்று வருடம் முன்னால் முதல் தடவையிலேயே தேறியவள். 'நீங்க இல்லேன்னா நான் இல்ல மாஸ்டர்' என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவள். அப்போது அது புகழ்ச்சியாகக் கேட்டது.

எண்ணை அழுத்தினாள். நான்கு முறை மணி அடித்தபின் எடுக்கப்பட்டது.

"டாக்டரம்மா, நான் மாஸ்டர் பேசறேன். கார் ஸ்கூல் மாஸ்டர். ஒண்ணு கேக்கணும், தப்பா நினைக்காதீங்க. நீங்க கார் ஓட்டறப்போ... வண்டி நீங்க நினைக்கிற இடத்துல நிக்குதா?"

அந்தப் பக்கம் ஏதோ யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. பிறகு சத்தமே இல்லை. மாஸ்டர் போனைக் காதிலிருந்து எடுத்து, இணைப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

"மாஸ்டர்," என்றது அந்தக் குரல், மிக மெதுவாக. "இதைக் கேக்க உங்களுக்கு மூணு வருஷம் ஆச்சா?"

மாஸ்டர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க. கதவைச் சாத்திட்டு வந்து சொல்றேன்."